தனியார் தரிப்பிடக் கட்டணத்துக்கு எதிராக இலவச மேன்முறையீடு: பொப்லா பற்றி என் மதிப்பீடு

இங்கிலாந்தில் கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களைப் பெரும்பாலும் தனியார் கம்பனிகளே நிர்வகிக்கின்றன. நேரம் கடந்து நின்றீர்கள், நூறு பவுண்டு கட்டுங்கள் என்று அவை அனுப்பும் கடிதத்தை எதிர்க்க ஒரு சுயாதீனமான இடம் இருக்கிறது. அதன் பெயர் பொப்லா. என் தந்தைக்கு வந்த கடிதத்துக்காக அதைப் பயன்படுத்தினேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த ஒன்றுக்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிரித்தானிய பார்க்கிங் சங்கத்தில் உறுப்பினராக உள்ள கம்பனிகள் விதித்த கட்டணங்களை மட்டும்தான் பொப்லா விசாரிக்கிறது. முதலில் கம்பனியிடமே முறையிட வேண்டும். அது மறுத்தால், மறுப்புக் கடிதத்தில் பத்து இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். அதை வைத்து 28 நாட்களுக்குள் பொப்லாவின் இணையத்தளத்தில் மேன்முறையீடு செய்யலாம். நமக்கு ஒரு சதமும் செலவில்லை. தீர்ப்பு நம் பக்கம் வந்தால் கம்பனி அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். நமக்கு எதிராக வந்தாலோ நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. பணம் வேண்டுமென்றால் கம்பனி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இனி எங்கள் கதை. ஒரு சனிக்கிழமை காலை அப்பா வட லண்டனில் உள்ள கடைத்தொகுதி ஒன்றில் சுவருக்கு அடிக்கும் பெயின்ற் வாங்கினார். அங்கே மூன்று மணி நேரம் இலவசம். அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டார். அதன் பிறகு என் மகனைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டார், வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், மகனைத் திரும்ப ஏற்றி வந்தார். மாலையில் பெயின்றின் நிறம் சரியில்லை என்று அதே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு முறையும் சேர்த்து அவர் அங்கே நின்றது ஒரு மணி நேரம்கூட இல்லை.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. காலை 9.52க்கு உள்ளே போன கார் மாலை 6.07க்கு வெளியே வந்ததாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதற்கு 100 பவுண்டு, 14 நாட்களுக்குள் கட்டினால் 60 பவுண்டு. இரண்டு படங்களும் அச்சிடப்பட்டிருந்தன. இரண்டும் உண்மையான படங்கள். காலை நுழைந்ததும் மாலை வெளியேறியதும் நடந்தவைதாம். இடையில் காலை வெளியேறியதையும் மாலை நுழைந்ததையும் கமரா தவறவிட்டிருக்கிறது. முன்னால் ஒரு வேன் மறைத்தாலே போதும், இலக்கத்தகடு பதிவாகாது. ஒரே நாளில் இரண்டு தடவை போகிறவர்களுக்கு இது நடப்பது புதிதல்ல. தனியார் தரிப்பிடக் கம்பனிகளின் இரண்டு சங்கங்களும் சேர்ந்து 2024 அக்டோபரில் கொண்டுவந்த பொது நடத்தைக் கோவை, கட்டணக் கடிதம் அனுப்புமுன் கமராப் பதிவை ஒரு மனிதர் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்வதே இப்படிப்பட்ட பிழைகளுக்காகத்தான்.

அப்பா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, அறுபதைக் கட்டிவிடுவோம். கோடு கச்சேரி என்று போனால் பெயர் கெட்டுவிடும்" என்றார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கட்டணத்தைக்கூடப் பிந்திக் கட்டாத மனிதர் அவர். செய்யாத ஒன்றுக்காக அவர் பயந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கடிதமும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. தடித்த எழுத்து, சட்டப் பிரிவு, நீதிமன்றம் என்ற சொல், பக்கத்திலேயே பணம் கட்டும் வழி. எங்கள் ஊர் மூத்தவர்கள் பலர் இதைப் பார்த்தவுடன் கட்டிவிடுகிறார்கள்.

சித்தப்பாவின் ஆலோசனை நேரெதிரானது. "கிழித்துக் குப்பையில் போடுங்கள் அண்ணா. தனியார் கம்பனிக்கு என்ன அதிகாரம்?" என்றார். 2012க்கு முன்னர் இந்த ஆலோசனைக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. காரை ஓட்டியவர் யார் என்று தெரியாமல் கம்பனியால் ஒருவரையும் எளிதில் துரத்த முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் திகதி நிலைமை மாறியது. சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓட்டுநர் யாரென்று தெரியாவிட்டால் காரின் பதிவுப் பொறுப்பாளரிடமே, அதாவது கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே, பணத்தைக் கேட்கலாம். அவரது பெயரையும் முகவரியையும் வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரச அமைப்பான டி.வி.எல்.ஏ. ஒரு விவரத்துக்கு 2.50 பவுண்டு வாங்கிக்கொண்டு கம்பனிக்குக் கொடுக்கிறது. அதே சட்டம் கம்பனிக்கும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: கமராவை மட்டும் வைத்து விதித்த கட்டணமென்றால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் கடிதம் பொறுப்பாளரின் கைக்கு வந்திருக்க வேண்டும். பிந்தி வந்தால், ஓட்டியவர் யார் என்று சொல்லாதவரை பொறுப்பாளரிடம் கேட்க முடியாது. ஆகவே உறையைத் திறந்தவுடன் திகதியைப் பாருங்கள். எங்களுக்கு நேரத்தோடு வந்துவிட்டதால் அந்த வாதம் கிடைக்கவில்லை.

இன்னொரு வாசலை உச்ச நீதிமன்றம் மூடியது. 2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்ட் நகரின் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணி நேர இலவசத்தை 56 நிமிடம் தாண்டி நின்ற பீவிஸ் என்பவருக்கு 85 பவுண்டு விதிக்கப்பட்டது. கம்பனிக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை, இது வெறும் தண்டம், ஆகவே செல்லாது என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பர் 4ஆம் திகதி நீதிமன்றம் கம்பனியின் பக்கம் தீர்ப்பளித்தது. இடம் சுழற்சியில் கிடைப்பதற்காக ஒரு கட்டணம் வைப்பது நியாயமான நோக்கம், அறிவித்தல் பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்பவை தீர்ப்பில் முக்கியமான காரணங்கள். எனவே 'தொகை அதிகம்' என்ற ஒற்றை வாதத்தோடு பொப்லாவுக்குப் போகாதீர்கள். பலகை கண்ணில் படும்படி இருந்ததா, சொல்லப்பட்ட நேரம் உண்மையா, புறப்படுவதற்கான 10 நிமிடச் சலுகை கொடுக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்குத்தான் எடை உண்டு.

கம்பனியிடம் முதலில் முறையிட்டேன். இரண்டு வருகைகள் என்று விளக்கி, அன்றைய எல்லாக் கமராப் பதிவுகளையும் பார்க்கச் சொன்னேன். பதில் வந்தது. நான் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் தொடாத பதில். நேரம் கடந்து நின்றீர்கள், பலகைகள் தெளிவாக உள்ளன, மறுக்கிறோம். அறுபது பவுண்டுச் சலுகையை மறுபடியும் 14 நாட்களுக்கு நீட்டித்திருந்தார்கள். கீழே பொப்லா குறியீடு.

பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். சலுகையை விட்டுப் பொப்லாவுக்குப் போய்த் தோற்றால் கம்பனி முழு நூறையும் கேட்கும். அப்பா மறுபடியும் வங்கி அட்டையை எடுத்தார். நாற்பது பவுண்டு வித்தியாசத்துக்குப் பயந்து அறுபது பவுண்டைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அட்டையை உள்ளே வைக்கச் செய்தேன்.

சான்றுகளைத் தேடியபோது ஒன்று விளங்கியது. தனித்தனியே பார்த்தால் ஒன்றுமே முழுமையில்லை. கடைப் பற்றுச்சீட்டு காலை 10.14ஐக் காட்டியது, ஆனால் அதன் பின் கார் அங்கேயே நிற்கவில்லை என்பதற்கு அது சான்றல்ல. மதியம் பெற்றோல் அடித்த பற்றுச்சீட்டில் நேரமும் இடமும் இருந்தன, கார் இலக்கம் இல்லை. அப்பா பேரனை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விட்டார், எத்தனை மணிக்குக் கூட்டிச் சென்றார் என்று தமிழ்ப் பாடசாலை அதிபர் கடிதத் தலைப்பில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அந்தக் கடிதத்தில் மனிதர் இருக்கிறார், கார் இல்லை. காரைக் கொண்டுவந்து சேர்த்தது எதிர்வீட்டு அழைப்புமணிக் கமரா. மதியம் 1.20க்கு எங்கள் வீட்டு முற்றத்தில் கார் திரும்பும் காட்சி, பின்பக்க இலக்கத்தகடு தெளிவாக. எதிர்வீட்டுப் பெண்மணி முகம் சுளிக்காமல் தேடி அனுப்பினார். இந்தப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே அழிந்துவிடும். கடிதம் வந்த அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை நேர வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே இது எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதி, ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றினேன். பொப்லா தளம் எளிமையானது. குறியீடு, கார் இலக்கம், விளக்கம், கோப்பு. ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தயங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். அலங்காரமான ஆங்கிலம் யாருக்கும் தேவையில்லை. சிறு வாக்கியங்களாக, நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

நான் இந்தச் சேவையில் மிகவும் மதிப்பது அடுத்த கட்டத்தை. கம்பனி தன் சான்றுகள் அனைத்தையும் பொப்லாவிடம் கொடுக்க வேண்டும், அவற்றை நாமும் பார்க்கலாம், பதில் சொல்ல ஏழு நாட்கள் உண்டு. அதுவரை முகமில்லாத கடிதமாக இருந்த கம்பனி அப்போதுதான் தன் கையில் இருப்பதைக் காட்டியது. பலகைகளின் படங்கள், தரிப்பிட வரைபடம், நிலச் சொந்தக்காரரின் அனுமதி என்று பக்கம் பக்கமாக இருந்தது. நான் கேட்ட கமராப் பதிவுப் பட்டியல் மட்டும் இல்லை. பழைய இரண்டு படங்களேதான். கட்டணம் சரியாக விதிக்கப்பட்டது என்று நிறுவும் பொறுப்பு கம்பனியுடையது. ஆகவே என் பதிலைச் சுருக்கமாக வைத்துக்கொண்டேன்: 1.20க்கு வீட்டு முற்றத்தில் நின்ற கார் அதே நேரத்தில் தரிப்பிடத்தில் நின்றது எப்படி என்று கம்பனி எங்கும் விளக்கவில்லை. அன்றைய முழுப் பதிவையும் கேட்டும் தரவில்லை.

முடிவு உடனே வராது. வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். பொப்லாவிடம் வழக்கு இருக்கும்வரை கம்பனி பணம் கேட்டுத் துரத்தக் கூடாது என்பதால் அந்தக் காத்திருப்பில் நெருக்குதல் இல்லை. வந்த தீர்ப்பு எங்கள் பக்கம். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு சான்றையும் குறிப்பிட்டு, கார் இடையில் வெளியேறவில்லை என்பதைக் கம்பனி நிரூபிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதியிருந்தார். அப்பா அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் காரின் கையுறைப் பெட்டியிலும் ஒன்றைக் கடவுச்சீட்டுகள் வைத்திருக்கும் கோப்பிலும் வைத்திருக்கிறார். நாம் சொன்னதை வாசித்த ஒருவர் இருந்தார் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல்.

பொப்லாவின் வாசல் எல்லாக் கடிதங்களுக்கும் திறக்காது. சில கம்பனிகள் ஐ.பி.சி. என்ற மற்றச் சங்கத்தில் இருக்கின்றன; அவற்றுக்கு ஐ.ஏ.எஸ். என்ற வேறு மேன்முறையீட்டுச் சேவை உண்டு. கடிதத்தின் அடியில் எந்தச் சங்கத்தின் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். கவுன்சில் விதிக்கும் தண்டம் முற்றிலும் வேறு விடயம், அதற்குத் தனித் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. மேன்முறையீட்டில் தோற்றும் கட்டாமல் விட்டால் கடன் வசூலிப்போர் கடிதம் வரும், தொகை கூடும். அவர்கள் நீதிமன்ற அலுவலர்கள் அல்லர், வீட்டுக்குள் வந்து பொருள் எடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் உண்மையான நீதிமன்ற விண்ணப்பம் வந்தால் ஒரு நாளும் அலட்சியம் செய்யாதீர்கள். பதில் கொடுக்காமல் விட்டுத் தீர்ப்பு எதிராக வந்து, ஒரு மாதத்துக்குள் பணமும் கட்டாவிட்டால் அந்தப் பதிவு ஆறு வருடம் உங்கள் கடன் வரலாற்றில் நிற்கும்.

குறைந்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். கட்டணம் விதிகளின்படி சரியாக விதிக்கப்பட்டதா என்பதை மட்டும்தான் பொப்லா பார்க்கிறது. மனிதருக்கு நேரும் இடர்களை மட்டும் வைத்துப் பொதுவாக அது கட்டணத்தை இரத்துச் செய்வதில்லை. கடைக்குள் தாய்க்கு மயக்கம் வந்து அம்புலன்ஸுக்குக் காத்திருந்ததால் நேரம் கடந்தது என்றால், நேரம் கடந்தது உண்மைதானே என்ற இடத்தில் வழக்கு நின்றுவிடக்கூடும். இதை நான் ஏற்கவில்லை. சுயாதீனமான தீர்ப்பாளர் என்றால் அந்த அளவு இரக்கத்துக்கு அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் கதை அப்படிப்பட்டதென்றால் முதல் கட்டத்திலேயே வைத்தியசாலைக் கடிதத்தோடு கம்பனிக்கு எழுதுங்கள். அதோடு நிற்காமல் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கே போய் மேலாளரைக் கேளுங்கள். தரிப்பிடக் கம்பனியை வேலைக்கு வைத்திருப்பது கடையோ நிலச் சொந்தக்காரரோதான். தங்கள் வாடிக்கையாளருக்கு விதித்த கட்டணத்தை இரத்துச் செய்யும்படி அவர்கள் கேட்டுக்கொண்டால் பல நேரங்களில் காரியம் அங்கேயே முடிந்துவிடும்.