பீட்போர்ட்டா, பேண்ட்கேம்ப்பா?

மதுரையில் கல்யாண ரிசப்ஷன், காலேஜ் விழா என்று டிஜே போடுகிறவன் நான். புது டான்ஸ் டிராக் வேண்டுமென்றால் மாறிமாறிப் போவது இணையத்தில் பாட்டு விற்கும் இந்த இரண்டு கடைக்குத்தான்.

2004-ல் வந்த பீட்போர்ட், டிஜேக்களுக்கென்றே திறந்த கடை. ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் என ரகவாரியாக டாப் 100 பட்டியல். ஒவ்வொரு டிராக்குக்கும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு என்ற வேகக் கணக்கு), கீ (சுருதி) போட்டிருக்கும். நாளைக்கு ரிசப்ஷன், இன்று ராத்திரிதான் நேரம் என்றால் 126 பிபிஎம்மில் பத்து எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விடலாம். சங்கடம் என்னவென்றால், அதே பட்டியலைத்தான் மற்ற டிஜேக்களும் பார்க்கிறார்கள். ஒலித்தரம் குறையாத வேவ் ஃபைலுக்குக் கூடுதல் காசு வேறு.

பேண்ட்கேம்ப்பில் பாட்டுக்காரரே விலை வைக்கிறார். பெரும்பாலும் முழுசாகவே கேட்டுப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது, பாட்டோடு தெரியும் வாங்கினவர்களின் குட்டிப் படங்கள். ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய சரக்கு மொத்தமும் திறக்கும். அப்படி ஒருவர் அலமாரியிலிருந்து இன்னொருவர் அலமாரிக்குத் தாவி, விடிகாலை மூன்று மணிக்கு ஒரு டிராக் மாட்டியது. 112 பிபிஎம், தோல் வாத்தியம் அதிர்கிற மாதிரி ஓசை. அதன்மேல் பறையடி சாம்பிளை ஏற்றி மேலூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் விட்டேன். பந்திக்கு நின்ற பெரியவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

2020-லிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் பேண்ட்கேம்ப் விற்பனையில் தன் பங்கைப் பாட்டுக்காரருக்கே விட்டுக்கொடுக்கிறது. நான் வாங்குவது அன்றைக்குத்தான். பிபிஎம் பெரும்பாலும் போட்டிருக்காது. ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் ஏற்றி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.