டூயல் கிளட்ச் ஸ்போர்ட்ஸ் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களுக்கு: 3,40,000 ரூபாய் போன கதை

3,40,000 ரூபாய். ஒரு கியர்பாக்ஸுக்காக இன்று காலை நான் கட்டிய தொகை இது. ஆர்.சி. என் பெயருக்கு மாறி வருவதற்குள்ளேயே கட்ட வேண்டியதாகிவிட்டது. விற்றது, பழைய கார்களை வாங்கி "முழுமையாகப் பரிசோதித்து" ஆப் வழியாக விற்கும் ஒரு பெரிய நிறுவனம். கோயம்புத்தூரிலும் ஷோரூம் வைத்திருக்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. காரைத் தயாரித்த கம்பெனியின் பெயரும் வேண்டாம், என் கோபம் அவர்கள் மேல் இல்லை. வாங்கப் போகிறவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் தேடிப் போனது மேனுவல். செட்டிபாளையம் காரி ரேஸ் டிராக்கில் எப்போதாவது ஓட்ட வேண்டும், கொத்தகிரி இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினை வைத்தே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. கிளட்ச் என் காலுக்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷோரூமில் மேனுவல் இல்லை. ஏழு கியர் டூயல் கிளட்ச் போட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக்கைக் காட்டினார்கள். விலை 11,75,000.

விற்பனைப் பையன் நன்றாகப் பேசினான். "அண்ணா, இதை ஆட்டோமேட்டிக்னு நினைக்காதீங்க. உள்ளே இருக்கறது மேனுவல் கியர்பாக்ஸ்தானுங்க. கிளட்சை மட்டும் உங்களுக்குப் பதிலா கம்ப்யூட்டர் மிதிக்குது. ஃபெராரியே மேனுவலை விட்டுட்டாங்க. கொர்வெட்டும் விட்டுட்டாங்க."

இதில் எதுவும் பொய் இல்லை, அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது. டூயல் கிளட்சில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது தயாராக நிற்கும். கொர்வெட் 2020 மாடலில் இருந்து இந்த முறையில்தான் வருகிறது. வேகத்தில் மனிதக் கால் இதை ஜெயிக்க முடியாது. போர்ஷ் 911 ஜிடி3-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் டூயல் கிளட்ச் மட்டும்தான் என்று கொண்டுவந்தார்கள். மேனுவல் பிரியர்கள் கொதித்தார்கள். 2016-இல் மேனுவலில் மட்டும் வந்த 911 ஆர் மாடல் மொத்தமே 991 வண்டிகளோடு முடிந்தது, 2017 ஜிடி3-யில் மேனுவல் திரும்பி வந்தது. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட டூயல் கிளட்சுக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9. அரை விநாடி போனாலும் பரவாயில்லை என்று வாங்கியவர்களின் கட்சிதான் நானும்.

ஆனால் அந்தப் பையன் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஃபெராரி, கொர்வெட், போர்ஷ் எல்லாவற்றிலும் இருப்பது வெட் கிளட்ச். தட்டுகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும், உரசும் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு விற்ற வண்டியில் இருந்தது ட்ரை கிளட்ச். அதற்குக் காற்று மட்டும்தான் துணை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது தட்டு பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் உரசி உரசிச் சூடாகும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே நகர்த்துவது திரவம். வெட் கிளட்சின் பெருமையைச் சொல்லி ட்ரை கிளட்சை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டேப்லெட்டில் பரிசோதனை அறிக்கை காட்டினான். வரிசையாகப் பச்சை டிக். கியர்பாக்ஸுக்கும் பச்சை. ஒரு வருட வாரண்டி வேறு. "கியர்பாக்ஸ் போனால்?" என்று நேராகவே கேட்டேன். "ஃபுல்லா கவர் ஆகும்ணா. எங்க சொந்த அண்ணனுக்கு விக்கற மாதிரி நினைச்சுத்தான் சொல்றேன்" என்றான். அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் கட்டினேன். காலை நேரத்தில், காலியான சாலையில், குளிர்ந்த வண்டியில் டெஸ்ட் டிரைவ் கொடுத்தார்கள். அப்போது வெண்ணெய் மாதிரி ஓடியது.

சீசன் நெரிசலில் குன்னூர் மலைப்பாதை. பர்லியாறு தாண்டி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முதல் கியரில் இருந்து இரண்டுக்குப் போகும்போது ஓர் உதறல். அப்புறம் கியர் எண் கண்சிமிட்டியது, அப்புறம் எண்ணே காணோம். ஆக்சிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது. பின்னால் பஸ், ஒரு பக்கம் பள்ளம், உள்ளே அம்மா. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அந்த நேரத்துக்கு யார் விலை கட்டுவார்கள்? ரெக்கவரி வண்டியில் கீழே கொண்டுவந்தோம்.

எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஸ்கேனரைப் போட்டார். கிளட்ச் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன, கியரைப் போடும் மெக்கட்ரானிக் யூனிட்டும் போய்விட்டது. இரண்டும் சேர்த்து 3,40,000. "மேனுவலா இருந்தா இதுல பத்துல ஒரு பங்குல முடிஞ்சிருக்கும் தம்பி" என்றார். இன்னொன்றும் காட்டினார். பழுது வந்தால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதியும் பிழைக் கோடுகளை (எரர் கோட்) அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதை வண்டியே குறித்து வைத்திருக்கும். அந்தத் தூரமும் டெலிவரி எடுத்த பிறகு நான் ஓட்டிய தூரமும் ஏறக்குறைய ஒன்று. அதாவது, கைமாற்றுவதற்குச் சற்று முன்னால் யாரோ உட்கார்ந்து கோடுகளைத் துடைத்திருக்கிறார்கள். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டர் கற்று வைத்திருக்கும் அடாப்டேஷனை ரீசெட் செய்தால் உதறலும் கொஞ்ச நாள் மறைந்திருக்குமாம்.

அதன் பிறகு அலைக்கழிப்பு. ஆப்பில் புகார் போட்டால் ஒரு டிக்கெட் எண் வரும், "தீர்க்கப்பட்டது" என்று அதுவே மூடிக்கொள்ளும். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் புதுக் குரல், ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து கதை. "எஸ்கலேட் பண்ணியிருக்கோம் சார்." யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. அண்ணா அண்ணா என்று அழைத்தவன் மெசேஜைப் படிக்கிறான், பதில் போடுவதில்லை. கிளை மேலாளர் கடைசியில் வாரண்டித் தாளைத் திருப்பிக் காட்டினார்: கிளட்ச் தேய்மானப் பொருள், கவர் ஆகாது. மெக்கட்ரானிக்? மின்னணுப் பாகம், கவர் ஆகாது. அப்படியானால் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் மிச்சம் என்ன சார் இருக்கிறது, வெளிக்கூடும் பல்சக்கரமுமா? அதற்கு அவர் கேட்டது: "மலையில ஏன் சார் ஓட்டினீங்க?" கோயம்புத்தூரில் கார் விற்கிறவர் கேட்கிற கேள்வியா இது? 3,40,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்று எழுத்தில் தரச் சொன்னேன். அதையும் தரவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ட்ரை கிளட்சா வெட் கிளட்சா என்று முதலில் கேளுங்கள், பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு, சாயங்கால நெரிசலில், ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸ் தாமதமாக விழுந்தால் வேண்டாம். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய், கோடு அழித்த தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எஞ்சின் ரீமேப் செய்த, அதாவது சாஃப்ட்வேரை மாற்றி சக்தியைக் கூட்டிய வண்டி என்றால் ட்ரை கிளட்ச் அந்தக் கூடுதல் டார்க்கை (சுழற்று விசையை) தாங்காமல் போகலாம். வாரண்டித் தாளில் எதெல்லாம் கவர் ஆகாது என்ற பக்கத்தைப் பணம் கட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படியுங்கள், கிளட்ச், மெக்கட்ரானிக் இரண்டும் பெயர் சொல்லி உள்ளே இருக்க வேண்டும்.

1915-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதே மாதிரி ஷோரூமில் இதே மாதிரி மாட்டியவர்கள் பில், அறிக்கை, சாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வழக்குப் போட 2 வருடம் வரை நேரம் இருக்கிறது.