திட்டுவதற்கு இருபத்திரண்டு சொல், விளக்கத்துக்கு ஒரே ஒரு கோடு: ஓர் ஒத்தசொல் செயலி பற்றி

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறோமே என்று எனக்கே சலித்துப்போய், ஒத்தசொல் காட்டும் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். எட்டு மாதம் ஆகிறது. பெயர் வேண்டாம், விஷயத்தைச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேகம் பிரமாதம், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. ஒரு சொல்லை அழுத்தினால் அதன் சொந்தபந்தம் எல்லாம் ஒரு கோட்டின் மேல் வரிசையாக வந்து நிற்கும், இடது கோடியில் மென்மையான சொல், வலது கோடியில் கடுமையான சொல். பெரிது, சிறிது, களைப்பு, பசி மாதிரியான சொற்களுக்கு இது போதும். 'பிக்' போதவில்லையா, 'ஹியூஜ்', அதுவும் போதாதா, 'எனார்மஸ்'. சரி.

வம்பெல்லாம் 'எனக்கு இது பிடிக்கவில்லை, நீ செய்தது தப்பு' என்று சொல்கிற சொற்களில்தான். 'கிரிட்டிசைஸ்', அதாவது குறை சொல்வது, என்று தட்டினால் இருபத்திரண்டு சொல் வருகிறது. சைட், ஸ்கோல்ட், அட்மோனிஷ், ரிப்ரூவ், ரிப்யூக், ரெப்ரிமாண்ட், செஞ்சர், காஸ்டிகேட், கண்டெம் என்று எல்லாரும் அதே கோட்டில், காய்ச்சல்மானி மாதிரி.

அந்தக் கோட்டை நம்பி நான் பட்டது இது. ஒரு கூட்டத்தில் வாடிக்கையாளர் எங்கள் அறிக்கையில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டி, அதைத் தயாரித்தவரிடம் கொஞ்சம் காட்டமாகப் பேசினார். கூட்டக் குறிப்பு எழுதும்போது 'கிரிட்டிசைஸ்' ஏற்கெனவே இரண்டு இடத்தில் வந்துவிட்டது என்பதால், கோட்டில் இரண்டு புள்ளி தள்ளி இருந்த 'ரெப்ரிமாண்ட்'டை எடுத்துப் போட்டேன். மறுநாள் காலை மேலாளரிடமிருந்து போன்: "அவர் மேல நடவடிக்கை எடுத்திருக்காங்களா? எனக்கு ஏன் யாரும் சொல்லலை?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. ரெப்ரிமாண்ட் என்பது அதிகாரம் உள்ளவர் முறைப்படி செய்வது, பெரும்பாலும் கோப்பில் ஏறுவது. கிரிட்டிசைஸ் யாரும் யாரையும் செய்யலாம், சமையலையும் செய்யலாம், சட்டத்தையும் செய்யலாம். இரண்டுக்கும் இடையே உள்ளது சூட்டின் அளவு என்று செயலி நினைக்கிறது, ஆனால் உண்மையில் அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்பதே வேறு.

நம் மொழியில் யோசித்தால் இது உடனே புரியும். அம்மா திட்டுவாள், மேலதிகாரி கண்டிப்பார், நண்பன் இடித்துரைப்பான், பத்திரிகை சாடும். இந்த நான்கில் எது கடுமை கூட என்று கேட்டால் கேட்டவரைத்தான் விநோதமாகப் பார்ப்போம்.

அட்மோனிஷையும் ரிப்யூக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளி. ஆனால் அட்மோனிஷ், எச்சரித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் 'மோனேரே'யிலிருந்து வந்தது, மானிட்டரும் அதே குடும்பம்தான், ஆகவே 'இனிமேல் பார்த்து நடந்துகொள்' என்கிற அக்கறை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தப்பு நடக்கும் முன்பே கூட அட்மோனிஷ் செய்யலாம். ரிப்யூக் நடந்த பிறகு, அங்கேயே, முகத்துக்கு நேரே, வெடுக்கென்று. நம் இடித்துரைத்தலுக்குக் கிட்ட வருவது ரிப்ரூவ் என்று எனக்குத் தோன்றுகிறது, திருத்த வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

திட்டுவதைச் சொல்கிற ஸ்கோல்டை 'மென்மை' பக்கம் தள்ளியிருக்கிறார்கள். வளர்ந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது அதைப் போட்டுப் பாருங்கள், அவரைக் குழந்தையாக்கிவிடும். அந்தச் சொல்லுக்கு ஓர் அசிங்கமான வரலாறும் உண்டு. ஓயாமல் சண்டை போட்டு அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தருகிற பெண்ணை 'காமன் ஸ்கோல்ட்' என்று குற்றவாளியாக்கி, நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அந்தக் குற்றம் சட்டத்திலிருந்து நீங்கியது 1967-ல்தான்! இது மென்மையான சொல்லாம்.

ஓர் அவை முறைப்படி கண்டிப்பதைக் குறிக்கிற செஞ்சர் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ரெப்ரிமாண்ட், செஞ்சர் இரண்டும் தனித்தனித் தண்டனை. செஞ்சர் வாங்கியவர் அவையின் நடுவே போய் நிற்க வேண்டும், சபாநாயகர் தீர்மானத்தை அவருக்கு எதிரே வாசிப்பார். ரெப்ரிமாண்டில் அந்த நிற்பு கிடையாது. 1997-ல் சபாநாயகராகவே இருந்த நியூட் கிங்ரிச்சுக்கு ரெப்ரிமாண்டோடு 3,00,000 டாலர் கட்டச் சொன்னார்கள், ஆனாலும் சொல் என்னவோ சிறிய சொல்தான். 2010 டிசம்பர் 2-ல் அதே சபையின் உறுப்பினர் சார்லஸ் ரேஞ்சலுக்குக் கிடைத்தது செஞ்சர், 333-க்கு 79 வாக்கு. அதே டிசம்பர் 2, ஆனால் 1954-ல், அமெரிக்க செனட் தன் உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தியை 67-க்கு 22 என்று தண்டித்ததே, அந்தத் தீர்மானத்தின் வாசகத்தில் இருந்தது 'கண்டெம்'. வரலாற்றில் எல்லோரும் செஞ்சர் என்றே எழுதுகிறார்கள். செயலியில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஐந்து புள்ளி இடைவெளி, செனட்டர்களிடம் காட்டியிருக்கலாம்.

அப்படியென்றால் கோடு சுத்தப் பொய்யா என்றால் இல்லை, சில இடத்தில் அது சரியாகவே பேசுகிறது. ராஜதந்திரிகள் உண்மையிலேயே புள்ளி புள்ளியாக எண்ணித்தான் சொல் எடுக்கிறார்கள். 2022 பிப்ரவரி 25-ல் உக்ரைன் குறித்து ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு வந்த வரைவில் முதலில் இருந்த 'கண்டெம்'மை (கண்டிக்கிறோம்) வாக்கெடுப்புக்கு முன் 'டிப்ளோர்' (மிகவும் வருந்துகிறோம்) என்று இறக்கினார்கள், சீனா எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கட்டும் என்று. சீனா ஒதுங்கி நின்றது. ரஷ்யா வீட்டோ போட்டது, அது வேறு. டிப்ளோருக்குள் அழுகையைக் குறிக்கிற லத்தீன் வேர் இருக்கிறது, கண்டெம்முக்குள் நீதிபதி உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் டெனிக்ரேட், டிஸ்பாரேஜ், டெப்ரிகேட் மூன்றையும் ஒரே கொத்தாக வலது கோடியில் போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. டெனிக்ரேட் என்றால் கறுப்பாக்குதல், அச்சு அசலாக நம் 'கரி பூசுதல்'. டிஸ்பாரேஜ் பழைய பிரெஞ்சில் தகுதிக்குக் கீழே மணம் முடித்துவைப்பதைக் குறித்தது, இன்றும் அந்த 'மட்டம் தட்டல்' அதில் இருக்கிறது. டெப்ரிகேட் இவர்களோடு ஏன் நிற்கிறது? அது வேண்டிக்கொண்டு விலக்குவது. நிரல் எழுதும் யாரையும் கேளுங்கள், டெப்ரிகேட் ஆன ஒரு வசதி இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், 'இனிமேல் இதை நம்பாதீர்கள், பின்னால் எடுத்தாலும் எடுத்துவிடுவோம்' என்று பணிவாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

லாம்பேஸ்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நம் 'வெளுத்து வாங்கினார்'.

எல்லாவற்றையும் விட எரிச்சல், எடுத்துக்காட்டு வாக்கியங்கள். இருபத்திரண்டு சொல்லுக்கும் ஒரே வாக்கியம்: ஆசிரியர் மாணவனை அப்படிச் செய்தார், இப்படிச் செய்தார். ஆசிரியர் மாணவனை செஞ்சர் செய்தார் என்று யார் எழுதுவார்கள்? இதைக் குறிப்பிட்டு உதவிக் குழுவுக்கு எழுதினேன். 'சூழலுக்கு ஏற்பப் பயன்படுத்தவும்' என்று பதில் வந்தது. ஐயா, அந்தச் சூழலைக் காட்டத்தானே சந்தா கட்டினேன்.

ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து 1852-ல் வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவரும் சொற்களுக்கு விளக்கம் தரவில்லைதான். அவர் கூட இப்படிக் கோடு போட்டு ஏமாற்றவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றும் வேகத்துக்கும் விளம்பரம் இல்லாததற்கும். மீதி நான்கு மாதத்துக்கு 'பிக்', 'டயர்ட்' இரண்டுக்கும் இதைத் திறப்பேன். யாரையாவது குறை சொல்லி எழுத வேண்டி வந்தால், மாணவர்களுக்கான அகராதியில் யார் யாரை என்று ஒருமுறை பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் 'கிரிட்டிசைஸ்' என்றே மூன்றாவது முறையும் எழுதிவிடுவதாக இருக்கிறேன்.