வெள்ளையா, கறுப்பா? வாயைப் பாருங்கள்

ஆப்பிரிக்காவில் இரண்டு வகைக் காண்டாமிருகங்கள் உண்டு: வெள்ளை, கறுப்பு. இரண்டின் தோலும் சாம்பல் நிறம்தான், இரண்டுக்கும் இரட்டைக் கொம்பு. அதனால் நிறத்தை நம்பாதீர்கள், வாயைப் பாருங்கள்.

வெள்ளையின் உதடு அகன்று தட்டையாக இருக்கும். தரையை ஒட்டிப் புல் மேய்வதற்கான வாய் அது. நீண்ட தலை எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அந்தக் கனத்தைத் தாங்கப் பிடரியில் பெரிய திமில். கறுப்பின் மேலுதடோ கூர்ந்து வளைந்து, விரல் போல நீண்டு கிளையைப் பற்றி இழுக்கும். இரண்டுக்குமே முன்பற்கள் கிடையாது. உதடு பிடித்துத் தருவதைக் கடைவாய் அரைக்கிறது. எனக்கு அந்த வளைந்த உதடுதான் பெரிய அதிசயம்.

வாய்க்கேற்ற வாழிடம்: வெள்ளைக்குத் திறந்த புல்வெளி, கறுப்புக்குப் புதர்க்காடு, நமீபியாவின் வறண்ட பாலைநிலத்திலும் கறுப்பு பிழைத்துக்கொள்கிறது. உருவத்தில் வெள்ளைதான் பெரியது, ஆண் 2,000 கிலோவைத் தாண்டும். கறுப்பு பெரும்பாலும் 1,400 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. வெள்ளையில் தெற்கு, வடக்கு என இரண்டு கிளையினங்கள். தெற்கு வெள்ளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூறுகூட இல்லாமல் போய், தென்னாப்பிரிக்காவின் பாதுகாப்பால் மீண்டது. இன்றும் பெரும்பகுதி அங்கேதான். வடக்கு வெள்ளைக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. ‘சூடான்’ என்று பெயரிடப்பட்ட அதன் கடைசி ஆண் 2018இல் கென்யாவில் இறந்தது. கறுப்பும் 1990களில் 2,500க்கும் கீழே சரிந்து, இப்போது 6,000ஐத் தாண்டியிருக்கிறது. ஆனால் அதன் மேற்கத்திய கிளையினம் அழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.