'நேரடி இசைக்குழு' என்று போட்டு டிக்கெட் விற்கும் புளூஸ் ஷோக்கள்: எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களுக்கு, முக்கியமாகப் பழைய புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை வகை) பாட்டு என்றால் விலை பார்க்காமல் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ஊர் ஊராகப் போய் நடத்தப்படும் ஒரு 'கிளாசிக் புளூஸ்' மேடை நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போனோம். நன்றாக ஏமாற்றினார்கள். என் புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த மாதிரி நிகழ்ச்சியை எப்படி அடையாளம் காண்பது, பணத்தை எப்படித் திரும்பக் கேட்பது என்று எழுத முடியும்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: அந்தக் காலத்து அமெரிக்க புளூஸ் பாடகிகளான பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி, ஆல்பர்ட்டா ஹண்டர் ஆகியோரின் பாடல்கள், வெஸ்ட் எண்ட் (லண்டனின் பெரிய தியேட்டர்கள் இருக்கும் பகுதி) மேடைப் பாடகர்கள், ஏழு பேர் கொண்ட நேரடி இசைக்குழு. படத்தில் டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், டபுள் பேஸ் எல்லாம் இருந்தன. முன்னால் நின்ற பாடகியின் முகம் எனக்குத் தெரிந்த முகம். அவருக்காகவே டிக்கெட் எடுத்தேன். ஒரு டிக்கெட் 46 பவுண்டு, புக்கிங் கட்டணம் தனி. நாங்கள் நான்கு பேர்.

திரை விலகியபோது மேடையில் ஒரு கீபோர்டுக்காரரும் ஒரு டிரம்ஸ்காரரும் மட்டும் இருந்தார்கள். முதல் பாட்டிலேயே டிரம்பெட் சத்தம் கேட்டது. டிரம்பெட் மேடையில் இல்லை. டிராம்போன் கேட்டது, அதுவும் இல்லை. மேடையின் இடது ஓரத்தில், கறுப்புத் துணி போட்ட ஒரு சின்ன மேசையில் லேப்டாப் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் கீபோர்டுக்காரர் வலது கையை நீட்டி அதைத் தட்டுவார். மொத்த நிகழ்ச்சியும் டிராக்கில்தான், அதாவது முன்பே பதிவு செய்த இசையில்தான் ஓடியது. படத்தில் இருந்த பாடகி வரவேயில்லை. அவர் வரமாட்டார் என்று வாசலில் ஒரு தாள்கூட ஒட்டவில்லை.

டிராக்தானே, பாட்டு கேட்டால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். வேறு வகை ஷோவில் அது ஓரளவு சரி. புளூஸில் சரியே இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

பழைய புளூஸ் பாட்டின் வடிவம் பெரும்பாலும் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாள அளவு. பாடகி ஒரு வரி பாடுவார், அதையே மறுபடி பாடுவார், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரும். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் ஒரு வாத்தியம் பாடகிக்குப் பதில் சொல்லும். 1925 ஜனவரியில் பெஸ்ஸி ஸ்மித் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பதிவு செய்தபோது அந்தப் பதிலைச் சொன்னது இளம் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட். கூட ஃபிரெட் லாங்ஷாவின் ஹார்மோனியம், அவ்வளவுதான். நூறு வருடம் கழித்தும் அதைக் கேட்கும்போது இரண்டு பேர் பேசிக்கொள்வது போலவே இருக்கிறது. நம் கச்சேரியில் பாடகர் நிரவல் பாட, வயலின் மட்டும் ரெக்கார்டில் ஓடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அன்றைக்கு.

இதில், படத்தில் இருந்தவருக்குப் பதிலாக அன்று பாடிய பாடகியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஐம்பதை ஒட்டிய வயது, அருமையான, கனமான குரல். இடைவேளைக்கு முந்தைய பாட்டில் ஒரு இடம் வந்தது. கடைசி வரியை இழுத்தார், கூட்டம் கை தட்டியது, யாரோ பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுத்தார். அந்த நேரத்தில் நேரில் வாசிப்பவர்கள் இருந்தால் அவருக்காகக் காத்திருப்பார்கள். டிராக் காத்திருக்கவில்லை. அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. அவர் சட்டென்று மூச்சை வெட்டி, அரை வரியை விழுங்கி, ஓடிப் போய்ப் பிடித்தார். முகம் மாறியது எங்கள் வரிசைக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கப்புறம் இரவு முழுவதும் அவர் எந்த வரியையும் இழுக்கவில்லை. இப்படி ஒரு பாடகியைக் கட்டிப்போட்டு, அதற்கு ஏழு பேர் இசைக்குழுவின் விலையை வாங்கியிருக்கிறார்கள்.

இந்த வகை நிகழ்ச்சியை ரெவ்யூ என்பார்கள். பெரிய கதை இருக்காது. பாட்டுகளைக் கோத்து, நடுவில் கொஞ்சம் பேச்சு வைத்து நடத்துவது. அதனால் அது தரக்குறைவான வடிவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷெல்டன் எப்ஸ் உருவாக்கிய 'புளூஸ் இன் தி நைட்' 1982-இல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது, சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதுப் பரிந்துரையும் பெற்றது. 1938-ஆம் வருட சிகாகோ, ஒரு மலிவு விலை ஹோட்டல், மூன்று பெண்கள், ஒரு ஆண், ஒரு இரவு, அவ்வளவுதான் கதை. 2019-இல் லண்டன் கில்பர்னில் இருக்கும் கில்ன் தியேட்டரில் ஷாரன் டி. கிளார்க், கிளைவ் ரோவ் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். ஒழுங்காகச் செய்தால் ரெவ்யூ எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு அதுவே போதும்.

நாங்கள் பார்த்ததில் நடுவில் வந்த பேச்சும் மோசம். 'புளூஸ் இன் தி நைட்' என்ற பாட்டையே பெஸ்ஸி ஸ்மித் பாடிப் புகழ்பெற்ற பாட்டு என்று அறிவித்தார்கள். அது ஹெரால்ட் ஆர்லனும் ஜானி மெர்சரும் 1941-இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காக எழுதியது. பெஸ்ஸி ஸ்மித் இறந்தது 1937-இல்.

அதைவிட என்னை வருத்தியது அவர் மரணத்தைப் பற்றிச் சொன்னது. வெள்ளையர் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பியதால் இறந்தார் என்று விளக்கை மங்கலாக்கிச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கதை 1937 கடைசியில் ரெக்கார்டு தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் ஒரு இசைப் பத்திரிகையில் கேள்விப்பட்டதை வைத்து எழுதியதால் பரவியது. மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் அருகே 61-ஆம் நெடுஞ்சாலையில் கார் விபத்து நடந்தது, கையில் பயங்கரமான காயம். அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் சாலையிலேயே வைத்தியம் பார்த்தார். கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பின மக்களுக்கான மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போனார்கள். அங்கேதான் உயிர் போனது. மருத்துவமனைகளே நிறம் பார்த்துப் பிரிந்து கிடந்த ஊர் அது. அந்தக் கொடுமையைச் சொல்ல பொய்க்கதை தேவையே இல்லை.

சொல்ல வேண்டிய உண்மைகள் அவ்வளவு இருக்கின்றன. 1923-இல் வெளிவந்த அவருடைய முதல் ரெக்கார்டு லட்சக்கணக்கில் விற்றது. அவருக்கு ரெக்கார்டின் ஒரு பக்கத்துக்கு 125 டாலர் மாதிரி கொடுத்தார்கள், ராயல்ட்டி கிடையாது. அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஆல்பர்ட்டா ஹண்டர் பின்னாளில் பாடுவதை விட்டு, நியூயார்க்கில் நர்ஸாக இருபது வருடம் வேலை பார்த்தார். வயது எழுபது என்று நினைத்து மருத்துவமனை ஓய்வு கொடுத்தபோது அவருக்கு உண்மையில் எண்பதைத் தாண்டியிருந்தது. அதற்கப்புறம், 1977-இல், மறுபடி மேடையேறிப் பாட ஆரம்பித்தார். பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறையில் 1970 வரை ஒரு கல்கூடக் கிடையாது. ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுவயதில் பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீனும் பணம் போட்டு வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது உழைப்புக்குக் கூலி சரியாகக் கிடைக்காத பெண்கள் இவர்கள். அவர்கள் பெயரைப் போட்டு டிக்கெட் விற்பவர்கள், ஒரு டிரம்பெட்காரருக்குக் கூடச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் நடத்துகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, பணம். இடைவேளையிலேயே தியேட்டர் மேலாளரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். அரங்கை வாடகைக்கு விட்டிருக்கிறோம், நிகழ்ச்சி எங்களுடையது இல்லை, நடத்துபவர்களிடம் கேளுங்கள் என்றார். நடத்துபவர்களுக்கு மெயில் போட்டால், கலைஞர்கள் மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறது, பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு தயார்க் கடிதம் வந்தது. டிக்கெட் விற்ற தளமோ இரண்டு பேரையும் கை காட்டியது.

கலைஞர்கள் மாறலாம் என்றால் ஒரு பாடகிக்குப் பதில் இன்னொரு பாடகி வரலாம். ஏழு வாத்தியக்காரர்களுக்குப் பதில் லேப்டாப் வருவதற்கு அந்த வரி இடம் தராது என்பது என் வாதம். இங்கே 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஒரு சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி நீங்கள் வாங்கினால், அவர் சொன்னது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். சொன்னபடி தரவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். என் இரண்டாவது மெயிலில் இதைத்தான் எழுதினேன். பதிலே இல்லை.

கிரெடிட் கார்டில் வாங்கினால் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு காப்பாற்றும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பிரிவுக்கு ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும். நான்கு டிக்கெட்டின் மொத்தத்தைப் பார்க்க மாட்டார்கள், ஒரு டிக்கெட்டின் விலையைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்கு அது பொருந்தவில்லை. அப்புறம் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறும் முறை) கேட்டோம். டெபிட் கார்டுக்கும் இது உண்டு. பொதுவாக 120 நாள் கெடு, அதனால் நடத்துபவர்களின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வங்கி ஆதாரம் கேட்டது. விளம்பரப் பக்கத்தை முன்பே படமாக எடுத்து வைத்திருந்தோம், 'ஏழு பேர் கொண்ட நேரடி இசைக்குழு' என்ற வரியோடு. நிகழ்ச்சி முடிந்து கலைஞர்கள் வணக்கம் சொல்லும்போது, படம் எடுக்கலாம் என்று அவர்களே சொன்ன நேரத்தில், என் மகள் எடுத்த மேடைப் படமும் இருந்தது. அந்த இரண்டையும் அனுப்பினோம். டிக்கெட் பணம் வந்தது, புக்கிங் கட்டணம் வரவில்லை. விளம்பரத்தைப் பற்றி ஏஎஸ்ஏ என்ற விளம்பர ஒழுங்கு அமைப்புக்குத் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம்.

இனி எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது: விளம்பரத்தில் இசைக்குழுத் தலைவரின் பெயர், வாத்தியக்காரர்களின் பெயர் இருக்கிறதா? நல்ல நிகழ்ச்சிகள் அதைப் பெருமையாகவே போடுவார்கள். வெறும் 'வெஸ்ட் எண்ட் பாடகர்கள்' என்று இருந்து ஒரு பெயரும் இல்லை என்றால் தியேட்டருக்குப் போன் போட்டு, எங்கள் ஊர் மேடையில் அன்றைக்கு எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்குங்கள். டிக்கெட் விற்கும் தளம் ஸ்டார் என்ற டிக்கெட் விற்பனையாளர் சங்கத்தில் உறுப்பினரா என்றும் பாருங்கள், தகராறு வந்தால் அங்கே முறையிட வழி இருக்கிறது.

நாங்கள் பார்த்த நிகழ்ச்சி இந்தக் குளிர்காலத்துக்கும் டிக்கெட் விற்கிறது. அதே ஏழு பேர் படம், அதே பாடகியின் முகம். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பக்கத்தை மாற்றிவிட்டால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஏஎஸ்ஏ பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.