முகாம் டிரெய்லருக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி: ஒரு மதிப்பீடு

மின் இணைப்பே இல்லாத இடங்களில் டிரெய்லரை நிறுத்தித் தங்குபவர்களுக்கென விற்கப்படும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை, பழைய ஈய-அமில பேட்டரி இருந்த அதே பெட்டிக்குள் பொருத்தி, கூரையிலுள்ள 200 வாட் சோலார் பேனலுடன் இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். பழையதன் மேலும் 100 ஆம்பியர்-மணி என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறைந்துவிடும் என்பதால், அதில் துணிந்து செலவிடக்கூடியது சுமார் 600 வாட்-மணி மட்டுமே. புதியதிலோ (இவ்வகையின் சராசரி மின்னழுத்தம் 12.8 வோல்ட் என்பதால்) 1,280 வாட்-மணியில் பெரும்பகுதியைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். எடையும் பழையதில் பாதிகூட இல்லை.

45 வாட் கம்ப்ரஸர் குளிர்பெட்டி நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 360 வாட்-மணி செலவாகும்; எல்.இ.டி. விளக்குகளையும் தண்ணீர் பம்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், வெயிலே இல்லாத இரண்டு நாட்களை இந்த பேட்டரி தாங்கும். 1,000 வாட் கெட்டில் அப்படியல்ல. இன்வெர்ட்டர் வழியாக அது சுமார் 90 ஆம்பியர் இழுக்கும் என்பதால், வெந்நீருக்கு எரிவாயு அடுப்பே மேல்.

எனக்கு உண்மையிலேயே மனக்குறை தருவது இதனுடன் வரும் சிறிய காட்டி. அது மின்னழுத்தத்தை மட்டும் வைத்து இருப்பைக் கணிக்கிறது. இந்த வகை பேட்டரியோ முக்கால் பங்கு நிறைந்திருக்கும்போதும் பாதியாகக் குறைந்த பிறகும் ஏறக்குறைய 13.2 வோல்ட்டையே காட்டும். அதனால் நள்ளிரவு வரை காட்டியின் நான்கு விளக்குகளும் பச்சையாக எரிகின்றன. பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் குளிர்பெட்டி நின்றுவிடுகிறது. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியேறுவதையும் கணக்கிடும் ஷன்ட் மீட்டரை எதிர்மின் கேபிளில் பொருத்திய பிறகுதான் நம்பத்தகுந்த கணக்கு கிடைத்தது. அந்த மீட்டரையும் சேர்த்தே தயாரிப்பாளர் விற்றிருக்க வேண்டும்.

உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பேட்டரியின் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று 0 டிகிரியில் சார்ஜைத் துண்டித்துவிடுவது பாராட்டத்தக்கது. வாங்கும் எவரும் முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டிய வசதி இது. சில மலிவான பேட்டரிகளில் இது இருப்பதில்லை. இவ்வளவு முக்கியமான செய்தியைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியாகப் போட்டிருப்பது சரியல்ல.

பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பழைய சோலார் கன்ட்ரோலரில் லித்தியத்துக்கான அமைப்பு இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். இழுவை வாகனத்திலிருந்தும் சார்ஜ் செய்ய விரும்புபவர்கள் நேரடியாக இணைக்கக் கூடாது. உள்மின்தடை மிகக் குறைவான இந்த பேட்டரி, வாகன எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மீறி இழுத்து அதைச் சூடேற்றிவிடும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றை இடையில் வைப்பது அவசியம். இந்தச் செலவுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகும், குளிர்பெட்டியோடு பல நாட்கள் தங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். இரவில் இரண்டு விளக்குகள் மட்டும் எரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஈய-அமில பேட்டரியே போதுமானது.