லாம்டாவா, பாகுநிலைப் பாய்மமா?

பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்குப்படி பேரண்டத்தில் சுமார் 68 விழுக்காடு, விரிவை வேகமாக்கும் இருண்ட ஆற்றல்; சுமார் 27 விழுக்காடு, ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் இருண்ட பொருள். இவை இரண்டும் வேறு வேறு, இருண்ட ஆற்றல் என்பது லாம்டா என்று குறிக்கப்படும் ஒரு மாறிலி என்பது லாம்டா மாதிரி. இரண்டும் ஒன்றே, பாகுநிலை உள்ள ஒரு பாய்மம்தான் இரண்டு வேலையையும் பார்க்கிறது என்பது அதன் போட்டியாளர். எனக்கு இரண்டாவதன் மேல் நெடுநாள் ஆசை உண்டு. ஆனால் தரவு அந்தப் பக்கம் சாயவில்லை.

பாகுநிலை என்றதும் வெல்லப்பாகில் கரண்டி திணறுவது நினைவுக்கு வரும். அது அடுக்கோடு அடுக்கு உரசுவதால் வருவது. எல்லாத் திசையிலும் சீராக விரியும் பேரண்டத்தில் அந்த உரசலுக்கு இடமில்லை. இங்கே வேலை செய்வது பருமப் பாகுநிலை, அதாவது பருமன் மாறும்போது எழும் எதிர்ப்பு. விரியும் பாய்மத்தில் இந்த எதிர்ப்பு எதிர்மறை அழுத்தமாக வெளிப்படும். அது போதிய அளவு இருந்தால், பொதுச் சார்பியலின்படி விரிவு வேகமெடுக்கும். எதிர்ப்பே முடுக்கமாகிறது! பாகுநிலை உள்ள பேரண்டங்களை இயற்பியலாளர்கள் பத்மநாபனும் சித்ரேயும் 1987இலேயே ஆராய்ந்தார்கள். முடுக்கம் கண்டறியப்பட்டது 1998இல்தான்.

சரி, தொலைவுகளை வைத்துச் சோதிப்போம். பாந்தியன் பிளஸ் தொகுப்பில் 1,550 சூப்பர்நோவாக்கள், அதாவது தொலைவை அளக்க உதவும் விண்மீன் வெடிப்புகள், இருக்கின்றன. லாம்டாவுக்கு இன்றைய விரிவு வேகம், பொருளின் பங்கு என இரண்டு எண்கள் போதும். மாறாப் பாகுநிலை மாதிரிக்கும் விரிவு வேகம், பாகுநிலை அளவு என இரண்டே எண்கள்தான். சூப்பர்நோவாத் தரவை இரண்டுமே நன்றாக விளக்குகின்றன. ஆகவே இந்தச் சுற்று சமன். பாகுநிலை மாதிரியை ஆதரிக்கும் பல ஆய்வுகள் இங்கேயே நின்றுவிடுவதுதான் என் வருத்தம். விரிவு வரலாறு மட்டும் ஒத்துப்போனால் பாய்மம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துக் காட்டுவது கொத்துகளின் வளர்ச்சி, அதாவது ஈர்ப்பால் பொருள் திரண்டு கூடுவது. 2009இல் அண்டவியலாளர்கள் பாவ்ஜியு லீயும் ஜான் பாரோவும் இதைக் கணக்கிட்டார்கள். விரிவு முடுக்கத்துக்கு மாறும் கட்டத்தில் பாய்மத்தின் அடர்த்தி ஏற்ற இறக்கங்கள் வேகமாகக் கரைந்துபோகின்றன. கூடவே, அடர்ந்த இடங்களில் உள்ள ஈர்ப்புக் குழிகளும் தூர்ந்துபோகின்றன. பேரண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் நுண்ணலைப் பின்னணியின் ஒளி ஒரு குழிக்குள் இறங்கும்போது ஆற்றல் பெறும், ஏறும்போது இழக்கும். இடையில் குழி ஆழம் குறைந்தால் இழப்பு குறைந்து, கொஞ்சம் ஆற்றல் மிஞ்சும். லாம்டாவிலும் இது சிறிதளவு நடக்கிறது. பாகுநிலைப் பாய்மத்திலோ மிகையாகி, வானில் பெரிய கோணங்களில் தெரியும் வெப்பநிலை வேறுபாடுகளோடு முரண்படுகிறது. ஈர்ப்பால் ஒளி வளைவதை அளக்கும் ஈர்ப்பு வில்லை அளவீடுகளிலும் இதே சிக்கல்தான்.

கோட்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. பெரும்பாலோர் பயன்படுத்தும், இயற்பியலாளர் எக்கார்ட்டின் 1940ஆம் ஆண்டுப் பாகுநிலைச் சூத்திரம், விளைவுகள் ஒளியைவிட வேகமாகப் பரவ விடுகிறது. இஸ்ரேலும் ஸ்டூவர்ட்டும் 1979இல் அதைச் சரிசெய்தார்கள். ஆனால் இரண்டு கோட்பாடுகளுமே சமநிலையிலிருந்து சிறிது விலகிய பாய்மத்துக்கானவை. முடுக்கம் வர வேண்டுமானால் விலகல் பெரிதாக இருந்தாக வேண்டும்.

அப்புறம் ஒரு நடுவழி இருக்கிறது: லாம்டா அப்படியே இருக்கட்டும், இருண்ட பொருளுக்கு மட்டும் மிகச் சிறிய பாகுநிலை தரலாம். அப்போது கொத்துகளின் வளர்ச்சி லேசாகத் தணியும். சில வில்லை ஆய்வுகள் பிளாங்க் எதிர்பார்த்ததைவிடக் குறைவான கொத்துகளைக் கண்டதற்கு இது ஒரு விளக்கமாகலாம். இன்று நான் பின்தொடர்வது இதைத்தான்.

லாம்டாவும் நிம்மதியாக இல்லை. 2025இல், விண்மீன் திரள்களை வரைபடமாக்கும் டெசி ஆய்வின் அளவீடுகளை நுண்ணலை, சூப்பர்நோவாத் தரவோடு சேர்த்தபோது, மாறும் இருண்ட ஆற்றலின் பக்கம் 2.8 முதல் 4.2 சிக்மா வரை சாய்வு தெரிந்தது (சிக்மா கூடக் கூட, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). இதைப் பாகுநிலையின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் டெசியின் இந்த முடிவும் தொலைவுகளிலிருந்து வந்ததே. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி, வில்லை விளைவின் வழியாக அந்த ஈர்ப்புக் குழிகளையே அளந்துகொண்டிருக்கிறது.